மின்னஞ்சலுக்கு வடிகட்டி வேண்டும். வீசும் அதிகாரம் அதற்கு வேண்டாம்

இறக்குமதி வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இன்று கடை வாசலை விட முக்கியமான வாசல் மின்னஞ்சல் பெட்டிதான். கொட்டேஷன் அதில் வருகிறது. புரோபோமா இன்வொய்ஸ் அதில் வருகிறது. கப்பல் என்றைக்கு வரும், கொள்கலன் எங்கே இறங்கும், பி.எல். பிரதி, பெக்கிங் லிஸ்ட் எல்லாம் அதில்தான் வருகின்றன. அதே வாசலால்தான் லொத்தரில் பரிசு விழுந்ததாகச் சொல்பவனும், பெயர் தெரியாத மருந்து விற்பவனும், இறந்துபோன ஓர் அமைச்சரின் கோடிக்கணக்கான டொலரில் எமக்குப் பங்கு தர ஆசைப்படுபவனும் தினமும் நுழைகிறார்கள்.

பழைய சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் எம்மவர் பலர் இப்போது கடைப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் எங்கோ ஒரு சேர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இளைஞரையும் பிடித்திருக்கிறார்கள். குப்பை மடல் தொல்லை என்று முறையிட்டால் அந்த இளைஞர் ஒரு பகல் பொழுதில் சேர்வர் முழுவதற்கும் வடிகட்டி போட்டுவிட்டு, "இனி ஒன்றும் வராது ஹாஜியார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். முதலாளிக்கும் சந்தோசம்.

வராது என்றால், எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே இந்த வாரப் பத்தி.

எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் சுவர் ஓடும் குளியலறைச் சாமானும் இறக்குமதி செய்பவர். அவருக்குச் சேர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) தனது வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே நாளில் வடிகட்டியைத் திறந்துவிட்டது. குப்பை என்று கருதப்படுபவை வீசப்படும் என்பதை எவருக்கும் அறிவிக்கவில்லை. கப்பல் ஏஜன்ட் அனுப்பிய வருகை அறிவித்தல் அதில் அகப்பட்டுக்கொண்டது. கொள்கலன் துறைமுகத்தில் கிடக்க, இவர் கப்பல் இன்னும் கடலில் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சீனாவிலிருந்து சப்ளையர் போன் எடுத்து "சரக்கு எப்படி?" என்று கேட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. அதற்குள் டெமரேஜ் ஏறிவிட்டது. ஏஜன்ட் சொல்வது: "நாங்கள் அனுப்பினோம், திரும்பி வரவில்லை, ஆகவே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது." அவர் சொல்வதில் பிழை காண முடியாது. சேர்வரின் பதிவேட்டைத் தோண்டிப் பார்த்தபோது ஒரே ஒரு வரி இருந்தது. இந்த நேரத்தில், இந்த முகவரியிலிருந்து ஒரு மடல் வந்தது, புள்ளி 5.3, வீசப்பட்டது.

அந்த 5.3 என்ன என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

கேட்காதவருக்கு மொத்தமாக விளம்பரம் அனுப்பும் பழக்கம் இணையத்துக்கே மூத்தது. 1978 மே மாதத்தில், டிஜிட்டல் இக்விப்மன்ட் கோப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பனியின் விற்பனையாளர் ஒருவர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். திட்டு வாங்கினார், வியாபாரமும் கிடைத்தது என்கிறார்கள். திட்டினாலும் வியாபாரம் கிடைத்தது என்பதால்தான் இந்தத் தொழில் இன்றுவரை நிற்கிறது. இத்தகைய மடலுக்கு ஸ்பாம் என்று பெயர் வந்தது ஓர் அமெரிக்க டின் இறைச்சியின் பெயரிலிருந்து. அது பன்றி இறைச்சி. சரி, கெட்ட மடலுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று பார்த்தால், இந்தத் துறையினர் நல்ல மடலுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஹாம்'. அதுவும் அதே மிருகம்தான்! எமது காரியாலயத்தில் நாங்கள் 'குப்பை', 'சரக்கு' என்று சொல்லிக்கொள்கிறோம்.

வடிகட்டி என்றால் இன்று சிறிய சேர்வர்களில் பெரும்பாலும் காணப்படுவது ஸ்பாம் அசாசின். ஜஸ்டின் மேசன் என்பவர் 2001இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. 2004இலிருந்து அப்பாச்சி அமைப்பின் கீழ் இருக்கிறது. இதைவிட வேகமான புதியவையும் உண்டு, ஆர்ஸ்பாம்டி அவற்றுள் ஒன்று. எதைப் போட்டாலும் நான் சொல்லவரும் விடயம் மாறாது.

இது ஒரு மடலைப் பார்த்து 'நல்லது', 'கெட்டது' என்று ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளைச் செய்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் கொஞ்சம் புள்ளி. எழுத்துக் குறைவாகவும் படம் அதிகமாகவும் இருந்தால் கொஞ்சம். அனுப்பிய சேர்வரின் இலக்கம் ஏதேனும் கறுப்புப் பட்டியலில் இருந்தால் இன்னும் கொஞ்சம். அனுப்பியவரின் கையொப்பம் சரியாக இருந்தால் புள்ளி குறையும். எல்லாவற்றையும் கூட்டி 5 வந்துவிட்டால் குப்பை என்று முத்திரை குத்துகிறது. அந்த 5 என்பது மென்பொருளோடு வரும் இலக்கம். எவரும் உங்கள் வியாபாரத்தைப் பார்த்து நிர்ணயித்தது கிடையாது.

எமது தெருவில் வலை விற்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். மணல் அரிக்க ஒரு கண் அளவு, சிமெந்துப் பூச்சுக்கு இன்னொரு கண் அளவு. சின்னக் கண் வலையைப் போட்டுவிட்டு, மேலே தங்கிய கல்லையெல்லாம் பார்க்காமலே வீசினால் அதில் நல்ல கல்லும் போகும். கப்பல் ஏஜன்ட்மார் எழுதும் முறை எமக்குத் தெரியும்: தலைப்பு முழுவதும் பெரிய எழுத்து, 'அவசரம்' என்ற சொல் இரண்டு தரம், உள்ளே ஒரு வரி, கீழே நாலைந்து சின்னப் படங்கள். அப்படி எழுதினால் குப்பை மடலின் சாயல்தான் வரும். ஏஜன்டை மாற்ற முடியாது, வலையைத்தான் பார்த்துப் போடவேண்டும்.

வடிகட்டி தவறும் என்பதற்கு ஊரறிந்த இரண்டு உதாரணங்கள் உண்டு. 2010 ஜனவரி முதலாம் திகதி, உலகம் முழுவதும் ஸ்பாம் அசாசின் ஒரு வேலை செய்தது. எதிர்காலத் திகதி போட்டு வரும் மடல் சந்தேகத்துக்குரியது என்று அதில் ஒரு விதி இருந்தது. 2010இலிருந்து வரும் ஆண்டுகளெல்லாம் வெகுதூர எதிர்காலம் என்று அந்த விதியை எழுதி வைத்திருந்தார்கள். புத்தாண்டு பிறந்தவுடன் நல்லவன் கெட்டவன் எல்லோருடைய மடலுக்கும் அன்றைய திகதிக்காகவே புள்ளி விழுந்தது. பல அமைப்புகளில் அது 3 புள்ளிக்கும் மேல். 5 வாங்கினால் குப்பை என்ற இடத்தில் சும்மா வந்தவனுக்கே 3!

மற்றையது கறுப்புப் பட்டியல் சம்பந்தமானது. ஓ.ஆர்.டி.பி. என்ற இலவசப் பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் உலகெங்கும் சேர்வர்கள் அதனிடமே போய்க் கேட்டுக்கொண்டிருந்தன. எவரும் அமைப்பை மாற்றவில்லை. 2008 மார்ச்சில் அது கேட்ட எல்லாவற்றுக்கும் 'ஆம், இவன் கெட்டவன்' என்று பதில் சொல்லத் தொடங்கியது. அதை நம்பியிருந்த சேர்வர்கள் வந்த மடலையெல்லாம் தடுத்தன. சோர்ப்ஸ் என்ற இன்னொரு பழைய பட்டியலும் 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. உங்கள் சேர்வர் எந்தப் பட்டியல்களிடம் கேட்கிறது, அவை உயிரோடு இருக்கின்றனவா என்று உங்கள் ஆளிடம் கேளுங்கள். ஸ்பாம்ஹவுஸ் போன்ற நல்ல பட்டியல்கூட, கூகிளின் பொது டி.என்.எஸ். வழியாகப் போய்க் கேட்டால் சரியான பதில் தராது. சேர்வரிலேயே சொந்த டி.என்.எஸ். இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். 'பட்டியல் போட்டிருக்கிறேன்' என்று சொல்லும் இளைஞர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இவ்வளவையும் சொன்னதால் வடிகட்டியே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. வேண்டும். அதுவும் ஒவ்வொருவருடைய கணினியிலும் தனித்தனியே போடுவதை விட, சேர்வரில் ஒரே இடத்தில் எல்லோருக்குமாகப் போடுவதே சரி. முன்பு கிளாக்கின் கணினியில் அவுட்லுக் தானாக வடிகட்டியது. கணினியை மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போனால் வடிகட்டியும் தூங்கிவிடும். இன்று அதே பெட்டியை முதலாளி கையடக்கத் தொலைபேசியிலும், மகன் வீட்டு மடிக்கணினியிலும், கிளாக் கடையிலும் திறக்கிறார்கள். மடல் பெட்டிக்குள் விழுவதற்கு முன் சேர்வரிலேயே பிரித்தால்தான் மூன்று இடத்திலும் ஒரே கணக்கு இருக்கும். புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தாலும் அவனுக்கென்று தனியாக ஒன்றும் செய்யத் தேவையில்லை.

ஆனால் 'எல்லோருக்குமாக' என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒருவருடைய கணினியில் பிழை நடந்தால் ஒருவருக்கு நட்டம். சேர்வரில் பிழை நடந்தால் முழுக் கடைக்கும் நட்டம், அதுவும் எவருக்கும் தெரியாமல்.

ஒரு மடல் மீது சந்தேகம் வந்தால் சேர்வர் செய்யக்கூடியது என்ன? அனுப்பும் சேர்வர் வாசலில் நிற்கும்போதே, ஏற்க முடியாது என்று அதன் முகத்துக்குச் சொல்லலாம். அப்போது அனுப்பியவருக்கு அறிவித்தல் போகும், அவர் போன் எடுப்பார் அல்லது வேறு வழி பார்ப்பார். அப்படி இல்லாவிட்டால் மடலை ஏற்றுக்கொண்டு, முத்திரை குத்தி, வேறொரு பெட்டியில் வைக்கலாம். சிலர் ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பும்படி செய்து வைத்திருக்கிறார்கள். இது அறவே கூடாது. குப்பை மடலில் அனுப்பியவர் பெயர் பெரும்பாலும் பொய் என்பதால், எங்கோ இருக்கும் ஒரு அப்பாவிக்குத்தான் அது போய்ச் சேரும், கடைசியில் எமது சேர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறும். மீதியிருப்பது, ஏற்றுக்கொண்டு சத்தமில்லாமல் வீசுவது.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எதிர்க்கிறேன். கடிதத்தைக் கையொப்பமிட்டு வாங்கிவிட்டு, உடைக்காமலே அடுப்பில் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அனுப்பியவர் எமக்குக் கிடைத்துவிட்டது என்று நம்புகிறார். பதில் வராதபோது, இவர்கள் பதில் போடாத ஆட்கள் என்று முடிவு கட்டுகிறார். முதன்முறையாக விலை கேட்டு எழுதிய ஒருவர் இரண்டாவது தரம் எழுதமாட்டார், அடுத்த கடைக்கு எழுதுவார். டெமரேஜ் கட்டினால் ரசீதாவது கிடைக்கும். போன வாடிக்கையாளருக்கு ரசீது கிடையாது, போனது தெரியவும் வராது.

இதையெல்லாம் தீர்மானிக்கும் இடம் பல சேர்வர்களில் வெப்மின் என்ற இணையவழி நிர்வாகக் கருவிதான். ஜேமி கமரன் என்பவர் 1997இல் தொடங்கியது, இலவசம். கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரியாதவரும் பிரவுசரில் திறந்து சேர்வரை நடத்தலாம். பல கடைகளின் மின்னஞ்சலை ஒரே சேர்வரில் வைத்து நடத்துபவர்கள் அதன் மேல் வேர்ச்சுவல்மின் என்பதையும் போடுவார்கள். இந்தக் கருவியில் ஸ்பாம் அசாசினுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. எத்தனை புள்ளியில் குப்பை என்று கொள்வது, முத்திரையை எப்படிக் குத்துவது, எந்த முகவரிகளை அனுமதிப்பது, குப்பை என்று தீர்ந்ததை என்ன செய்வது எல்லாம் அங்கே பெட்டிகளாகவும் புள்ளடி போடும் இடங்களாகவும் கிடக்கின்றன. அந்தக் கடைசிக் கேள்விக்குரிய தெரிவுகளில் ஒன்று 'வீசிவிடு'. ஒரு சொடுக்கில் முடியும் காரியம். முதலாளியுடைய சரக்கும் நாணயமும் சம்பந்தப்பட்ட தீர்மானம் ஒன்றை, டெக்னீஷியன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே எடுத்துவிடக்கூடியதாக இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. குப்பை வரக்கூடாது என்று மட்டும்தானே அவரிடம் சொன்னோம்?

ஆகவே ஒரு நாள் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீசிவிடு என்றிருந்தால், ஒவ்வொருவருடைய பெட்டியிலும் 'ஸ்பாம்' என்ற தனிக் கோப்புறையில் போடும்படி மாற்றச் சொல்லுங்கள். வேர்ச்சுவல்மின்னில், இத்தனை நாள் கடந்தவற்றைத் தானாக அழிக்கும் வசதியும் உண்டு. எமது காரியாலயத்தில் 30 நாள் வைத்திருக்கிறோம். கப்பல் விடயங்களுக்கு அது போதுமா என்று சிலர் கேட்கலாம், எமக்குப் போதுமாக இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் ஒருவர் அந்தக் கோப்புறையைப் பார்ப்பார். தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிடமும் செல்லாது, ஏனென்றால் புள்ளி குறைந்தவைதான் சந்தேகத்துக்குரியவை. 5க்கும் 8க்கும் இடையில் கிடப்பவற்றில்தான் நல்ல மடல் மாட்டியிருக்கும். 20, 30 வாங்கியவை குப்பையே. ஒரு மாதம் பார்த்துப் பழகிய பிறகு, 15ஐத் தாண்டியவற்றை வீசிவிடுவோம் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டை பிடிக்கமாட்டேன். பார்க்காமலே முதல் நாளில் 5இல் வைத்து வீசுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. ஸ்பாம் அசாசினை ஒவ்வொரு மடலுக்கும் புதிதாகத் தொடங்கும்படி வைத்தால் சிறிய சேர்வர் மூச்சுத் திணறும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் முறையில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மடல்களை அதனிடம் கொடுத்து வாங்கும் வேலையைப் பல இடங்களில் ப்ரொக்மெயில் என்ற பழைய மென்பொருள் செய்கிறது. 2001க்குப் பின் 2022 வரை புதிய பதிப்பே வராமல் கிடந்தது அது. ஓடுகிறது என்பதற்காக எவரும் தொடுவதில்லை. புதிதாகச் சேர்வர் அமைப்பவர் அதை விட்டு வேறு வழியைப் பார்ப்பது நல்லது.

சீனாவோடு வியாபாரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம். எந்த மொழி எழுத்துக்களில் வரும் மடலை ஏற்பது என்று வடிகட்டியில் குறிப்பிடலாம். குறிப்பிடாமல் விட்டால் எல்லாம் ஏற்கப்படும். சில இளைஞர்கள் ஆங்கிலம் மட்டும் என்று எழுதி வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் சீன எழுத்தில் வரும் மடலுக்கு அந்த எழுத்துக்காகவே 3 புள்ளிக்கு மேல் விழும். குவாங்சோவிலும் யிவூவிலும் இருக்கும் சப்ளையர்மார் ஆங்கிலத்தில் எழுதினாலும், அவர்களுடைய கணினி சீன எழுத்து முறையில்தான் அனுப்பும். கீழே கம்பனிப் பெயரும் சீனத்தில் இருக்கும். எமக்குச் சோறு போடும் மடலுக்கே தண்டப் புள்ளி.

அதேபோல, வடிகட்டிக்குப் பழக்கிக் கொடுக்கவும் முடியும். இது குப்பை, இது சரக்கு என்று காட்டிக் கொடுத்தால், எந்தச் சொல் எதில் அதிகம் வருகிறது என்று கணக்குப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். 1761இல் காலமான தோமஸ் பேயிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நிகழ்தகவுக் கணக்கு இது. போல் கிரஹம் என்பவர் 2002இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு குப்பை மடல் பிடிப்பதில் பிரபல்யமானது. ஸ்பாம் அசாசினில் குப்பையில் 200, நல்லதில் 200 மடலாவது காட்டினால்தான் இந்தப் பகுதி வேலை தொடங்கும். குப்பையை மட்டும் காட்டிவிட்டு நல்லதைக் காட்டாமல் விடுபவர்கள்தான் அதிகம். மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்கு வரும் நல்ல மடலில் உள்ள சொற்கள், ஹாட்வெயார்காரருக்கு வரும் குப்பையில் உள்ள சொற்களாக இருக்கும். ஆகவே இரண்டு கடையும் ஒரே சேர்வரில் இருந்தால் பழக்கம் தனித்தனியாக இருக்கவேண்டும். வங்கியின் மாதாந்த அறிவித்தல் அலுத்துப்போனது என்பதற்காக ஒரு பையன் அதைக் குப்பை என்று குறித்தால், அவன் முழுக் கடைக்கும் பிழையான பாடம் படிப்பிக்கிறான்.

அனுமதிப் பட்டியல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பணம் போவது இந்த வழியால். நம்பிக்கையான சப்ளையருடைய முகவரியை அனுமதிப் பட்டியலில் போட்டால், அந்தப் பெயரில் வரும் மடலுக்கு 100 புள்ளி கழிக்கப்படும். அதன் பிறகு அது எவ்வளவு கேடானதாக இருந்தாலும் உள்ளே வரும். ஆனால் மடலில் அனுப்பியவர் பெயரை எவரும் பொய்யாக எழுதலாம். கடித உறையின் பின்புறம் எவர் பெயரையும் எழுதுவது போலத்தான். எனவே வெறும் முகவரியை நம்பும் பட்டியலை விட்டு, அனுப்பியவரின் கையொப்பம் சரிபார்க்கப்பட்டால் மட்டும் அனுமதிக்கும் பட்டியலைப் பாவிக்கச் சொல்லுங்கள். அந்த வசதி ஸ்பாம் அசாசினில் இருக்கிறது. இதைவிட மோசமானது, சிலர் தங்கள் சொந்தக் கடையின் முகவரிகளையே அனுமதிப் பட்டியலில் போட்டு வைத்திருப்பது. மோசடிக்காரன் முதலாளியின் பெயரிலேயே கிளாக்குக்கு எழுதுகிறான்: 'இந்தக் கணக்குக்கு உடனே டீ.டீ. அனுப்பு.' வடிகட்டி அவனுக்குச் சலாம் போட்டு உள்ளே விடும்.

கையொப்பம் என்று சொன்னேன். எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்றும் சேர்ந்து, இந்த மடல் உண்மையில் இந்தக் கடையின் சேர்வரிலிருந்துதான் வந்தது என்று காட்டுபவை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. எமது பக்கம் இவை சரியாக இல்லாவிட்டால், நாம் அனுப்பும் இன்வொய்ஸ் வாடிக்கையாளருடைய குப்பைக் கோப்புறையில் கிடக்கும். வருவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் போவதையும் ஒரு தரம் பார்க்கவேண்டும்.

ஆனால் எவ்வளவு நல்ல வடிகட்டியும் பிடிக்காத ஒரு மடல் இருக்கிறது. சப்ளையரின் உண்மையான பெட்டிக்குள் புகுந்தவன், அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே, பழைய கடிதத் தொடரின் கீழேயே, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதினால் அதற்குப் புள்ளி விழாது. கையொப்பம் சரி, மொழி சரி, இன்வொய்ஸ் இலக்கமும் சரி. அமெரிக்காவின் எப்.பி.ஐ. தனது 2023 அறிக்கையில், இத்தகைய வியாபார மின்னஞ்சல் மோசடிகளால் அங்கு முறையிடப்பட்ட நட்டம் 2.9 பில்லியன் டொலர் என்று காட்டியது. லிதுவேனியா நாட்டவர் ஒருவர் 2013க்கும் 2015க்கும் இடையில் போலி இன்வொய்ஸ் அனுப்பி, கூகிள், பேஸ்புக் ஆகிய இரண்டு கம்பனிகளிடமிருந்தும் 10 கோடி டொலருக்கு மேல் கறந்தார். 2019இல் அவருக்கு 5 வருடச் சிறை. உலகத்துக்கே மடல் வடிகட்டும் கூகிளே காசு கட்டியிருக்கிறது. கணக்கு இலக்கம் மாறியதாக வரும் எந்த மடலுக்கும், ஏற்கெனவே எம்மிடமுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகுதான் வங்கிக்குப் போவது. மடலில் தந்திருக்கும் இலக்கத்துக்கு அழைப்பதில் பயனில்லை.

இவ்வளவு தலையிடி எதற்கு, கூகிளிடமோ மைக்ரோசொப்டிடமோ மாதக் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மூன்று நான்கு முகவரிகள் மட்டும் உள்ள கடைக்கு நானும் அதையே சொல்வேன். தலைக்கு இவ்வளவு என்று டொலரில் கட்டவேண்டியதால், கிளைகளும் விற்பனைப் பிரதிநிதிகளுமாக இருபது முப்பது பேர் உள்ள இடத்தில் கணக்கு வேறு. 2022இல் டொலர் ஏறியபோது அதைக் கட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அத்தோடு அங்கேயும் ஸ்பாம் கோப்புறை இருக்கத்தான் செய்கிறது. அதையும் எவரோ ஒருவர் தினமும் பார்க்கத்தான் வேண்டும்.

சொந்தச் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு வெப்மின் பற்றிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2018இல் எவரோ அந்த மென்பொருள் தயாராகும் இடத்திலேயே புகுந்து, அதனுள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்கள். 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் அது இருந்தது. 2019 ஆகஸ்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது, 1.930 பதிப்பில் அகற்றப்பட்டது. எமது நாட்டிலேயே, 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச அலுவலக மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. வடிகட்டி போட்ட கையோடு வேலை முடிந்தது என்று டெக்னீஷியன் போய்விட்டால், அடுத்த பதிப்பை ஏற்றுவது யார்? மாதம் ஒரு தரம் அவர் வந்து பதிப்புகளைப் புதுப்பிக்க வேண்டும், மடல்களின் பிரதி ஒன்றை வேறிடத்தில் எடுத்து வைக்கவேண்டும் என்பதைக் கட்டணத்தோடு சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். வெப்மின் வழமையாகத் திறப்பது 10000ஆம் இலக்க வாசலில். அதை உலகத்துக்கே திறந்து வைக்காமல், கடையின் இணைப்பிலிருந்தும் டெக்னீஷியனின் இணைப்பிலிருந்தும் மட்டும் வரக்கூடியதாகக் கட்டுப்படுத்தவும் முடியும்.

அந்த வாசலின் கடவுச்சொல் பெரும்பாலான கடைகளில் அந்த இளைஞரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனால் கடவுச்சொல்லும் விமானம் ஏறிவிடும். கடிதம் எழுதும் உரிமை, பார்க்கும் உரிமை, வீசும் உரிமை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு கடதாசியில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, காசோலைப் புத்தகம் வைக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போது கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறை வையுங்கள்.